ஆபீஸுக்கு எக்ஸ்ஆர் ஹெட்செட் வாங்கச் சொல்லிவிட்டார்களா? ஆர்டர் போடும் முன் செய்ய வேண்டியவை

ஏதாவது ஒரு தொழில் கண்காட்சியில் உங்கள் மேலாளர் ஒரு ஹெட்செட்டை மாட்டிப் பார்த்திருப்பார், இன்ஜின் ஒன்று காற்றில் நின்று பாகம் பாகமாகப் பிரிந்து காட்டியிருக்கும், அடுத்த திங்கட்கிழமை "நமக்கும் ஒரு பத்து வாங்கலாமே, விலை விசாரிங்க" என்று உங்களுக்கு மெயில் வரும். நிறைய நிறுவனங்களில் திட்டம் இப்படித்தான் ஆரம்பிக்கிறது. அந்தப் பத்தும் ஆறு மாதத்தில் பீரோவுக்குள் போவதற்கும் இதுதான் காரணம், ஏனென்றால் எந்த வேலைக்கு என்று யாரும் கேட்கவே இல்லை. விஆர் (கண்ணை மறைத்து வேறொரு உலகத்தைக் காட்டுவது), ஏஆர் (எதிரில் இருக்கும் நிஜக் காட்சியின்மேல் உருவத்தை வரைந்து காட்டுவது), இரண்டும் கலந்தது என்று எல்லாவற்றையும் சேர்த்து எக்ஸ்ஆர் என்கிறார்கள், நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இந்தத் துறையில் கருவிகளுக்கு ஆயுசு குறைவு. கூகுள் கிளாஸ் என்ற ஸ்மார்ட் கண்ணாடியின் நிறுவனப் பதிப்பை 2023 மார்ச்சில் விற்பதை நிறுத்தினார்கள், அதே வருடம் செப்டம்பரில் ஆதரவும் போய்விட்டது. மைக்ரோசாஃப்டின் ஹோலோலென்ஸ் 2, 2019இல் 3,500 டாலருக்கு அறிவிக்கப்பட்ட கருவி, தொழிற்சாலைகளில் பெரிய பெயர். 2024 அக்டோபரில் அதன் உற்பத்தி நின்றது. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2027 டிசம்பர் வரை வரும். வால்மார்ட் 2018இல் தன் கடைகளில் பயிற்சிக்காக 17,000 ஓக்குலஸ் கோ ஹெட்செட்டுகளை அனுப்புவதாக அறிவித்தது, இரண்டே வருடத்தில் அந்த மாடல் விற்பனையிலிருந்து போய்விட்டது. கடைசியாக மெட்டா. குவெஸ்ட் ஹெட்செட்டின் வணிகப் பதிப்பையும், அவற்றை நிர்வகிக்கும் ஹொரைசன் சேவையையும் புதிதாக விற்பதை 2026 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அந்தச் சேவை 2030 ஜனவரி வரை ஓடும். கடையில் கிடைக்கிற சாதாரண குவெஸ்ட் இன்னும் இருக்கிறது, நிறுவனங்களுக்கென்று இருந்த ஏற்பாடுதான் போனது.

ஆக, நீங்கள் இன்று வாங்கும் கருவி மூன்று வருடம் கழித்துச் சந்தையில் இருக்காது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுங்கள். கீழே சொல்லப் போவதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

வேலையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"பயிற்சிக்கு விஆர்" என்று எழுதினால் அது போதாது. "புதிதாகச் சேரும் ஆபரேட்டர், பிரஸ் மெஷினின் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போடும் வரிசையை, ஓடுகிற மெஷினை நிறுத்தாமல் பழக வேண்டும்" என்று எழுதுங்கள். யார், எந்த இடத்தில், கையில் என்ன வைத்துக்கொண்டு, எத்தனை நிமிடம் என்பதெல்லாம் அதற்குள் வரவேண்டும். இதை எழுத முடியவில்லை என்றால் அந்த மெயிலுக்கு இப்போதைக்குப் பதில் போடாமல் இருப்பதே மேல்.

அப்புறம் அதே வேலையை ஒரு போனை வைத்துச் செய்து பாருங்கள். இது வேடிக்கைக்குச் சொல்லவில்லை. தூரத்தில் இருக்கும் நிபுணர் மெஷினைப் பார்த்து வழி சொல்ல வேண்டும் என்பதுதான் தேவை என்றால், ஹெல்ப்பர் ஒருவர் போனைப் பிடித்துக்கொள்ள வீடியோ காலிலேயே முக்கால்வாசி முடிந்துவிடும். பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, இரண்டு கையும் வேலையில் இருக்கிறது, ஏணி மேல் நிற்கிறார் என்ற நிலை வந்தால்தான் தலையில் மாட்டும் கருவிக்கு அர்த்தம் உண்டு.

எனக்குத் தெரிந்து நிறுவனங்களில் நிலைத்து நிற்கும் பயன்பாடுகள் மூன்று வகைதான். கை இரண்டும் வேலையில் இருக்கும்போது கண்ணுக்குத் தகவல் கொடுப்பது ஒன்று. ஆபத்தான அல்லது செலவு பிடிக்கிற காரியத்தை நிஜப் பொருள் இல்லாமல் பழக்குவது இன்னொன்று. கட்டுவதற்கு முன்பே ஒரு கட்டடத்தையோ வாகனத்தையோ மெஷினையோ முழு அளவில் நின்று பார்ப்பது மூன்றாவது. விர்ச்சுவல் மீட்டிங்கை இந்தப் பட்டியலில் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். மெட்டாவே தன் ஒர்க்ரூம்ஸ் ஆப்பை 2026 பிப்ரவரியில் மூடிவிட்டது. பொம்மை உருவத்தில் உட்கார்ந்து எக்செல் ஷீட் பார்க்க யாருக்கும் ஆசை இருந்ததில்லை.

சார்ஜ் தீர்ந்தால் கண் தெரியுமா?

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் பிக்ஸல் கணக்கையும் சிப் பெயரையும் பார்க்கிறார்கள். தொழிற்சாலை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: அது திடீரென்று அணைந்தால், போட்டிருப்பவருக்கு எதிரில் இருப்பது தெரியுமா தெரியாதா?

மெட்டா குவெஸ்ட் 3, சாம்சங் கேலக்ஸி எக்ஸ்ஆர், ஆப்பிள் விஷன் ப்ரோ மூன்றும் கண்ணுக்கு நேரே திரையை வைத்து மறைத்துவிடும் கருவிகள். வெளியே இருக்கும் கேமரா எடுக்கும் படத்தை உள்ளே திரையில் காட்டுவதால்தான் அறை தெரிகிறது. படம் இப்போது நன்றாகவே இருக்கிறது, ஆனால் சார்ஜ் தீர்ந்தாலோ ஆப் முடங்கினாலோ அந்த நொடியில் எல்லாம் கறுப்பு. உட்கார்ந்த இடத்தில், காலியான அறையில் பயிற்சிக்குப் போடலாம், தாராளமாக. ஃபோர்க்லிஃப்ட் போகிற வழியிலோ சுழல்கிற ஷாஃப்ட் பக்கத்திலோ இவற்றைப் போட்டுக்கொண்டு யாரையும் நிற்க விடாதீர்கள். டெமோ கொடுக்க வந்தவர் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்று சொன்னாலும்.

ஹோலோலென்ஸ் 2, மேஜிக் லீப் 2 போன்றவை கண்ணாடி வழியாகவே நேராகப் பார்க்க விடுபவை, அதன்மேல் உருவத்தை வரைந்து காட்டும். அணைந்தாலும் உலகம் தெரியும். ஆனால் உருவம் தெரிகிற பரப்பு சின்னது, வெளிச்சமான இடத்தில் வெளிறிப் போகும், விலையும் அதிகம். மேஜிக் லீப் 2 வந்தபோது 3,299 டாலர். புதிதாக இந்த வகையில் இறங்க நினைத்தால் உதிரி பாகமும் ஆதரவும் எத்தனை வருடம் என்று எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள்.

மூன்றாவது வகைதான் மெயின்டனன்ஸ் ஆட்களுக்குச் சரிப்பட்டு வருவது, பார்க்க அழகாக இருக்காது என்பதால் கண்காட்சியில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ரியல்வேர் நேவிகேட்டர் 520, வுசிக்ஸ் எம்400 போன்றவை. ஒரு கண்ணுக்குக் கீழேயோ ஓரத்திலோ ஒரு குட்டித் திரை, ஒரு கேமரா, அவ்வளவுதான். முப்பரிமாணம் கிடையாது. ரியல்வேரை ஹெல்மெட்டோடு சேர்த்து மாட்டலாம், கையுறையைக் கழற்றாமல் குரலாலேயே இயக்கலாம், வேலை ஓடும்போதே பேட்டரியை மாற்றலாம். தீப்பற்றும் வாயு இருக்கும் இடங்களுக்கென்றே சான்று பெற்ற தனி மாடல் அவர்களிடம் உண்டு. பெயிண்ட் ஷாப், பெட்ரோலியக் கிடங்கு போன்ற இடங்களுக்குச் சாதாரண ஹெட்செட் எதையும் எடுத்துப் போகவே கூடாது, போனுக்கு இருக்கும் அதே தடைதான் இதற்கும். குரல் கட்டளையை மட்டும் வாங்கும் முன் சோதித்துவிடுங்கள். ஏசி அறையில் உங்கள் ஆங்கிலத்துக்கு அது கேட்கும், கம்ப்ரஸர் பக்கத்தில் நிற்கும் உங்கள் ஃபிட்டருடைய உச்சரிப்புக்குக் கேட்கிறதா என்பதுதான் கணக்கு.

இவை போக எக்ஸ்ரியல் மாதிரி வெறும் திரைக் கண்ணாடிகள் இருக்கின்றன, லேப்டாப்பில் சொருகினால் பெரிய மானிட்டர் மாதிரி தெரியும், அடிக்கடி பயணம் செய்பவர்களுக்குப் பரவாயில்லை. 2025 செப்டம்பரில் வந்த மெட்டா ரேபான் டிஸ்ப்ளே 69 கிராம்தான், விலை 799 டாலர், மணிக்கட்டில் கட்டும் பட்டையால் இயக்கலாம். எதிர்காலம் இந்தப் பக்கம் போகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கூகுளும் ஆண்ட்ராய்டு எக்ஸ்ஆர் என்ற தன் இயங்குதளத்தில் கண்ணாடிகள் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் இன்றைக்கு இவை தனிநபர் பொருட்கள், சொந்தக் கணக்கில் ஓடுபவை. நிறுவனத் திட்டத்தை இவற்றின் மேல் கட்டாதீர்கள்.

விமான ஓட்டிப் பயிற்சி, கார் வடிவமைப்பு என்று துல்லியம் தேவைப்படுகிற இடங்களுக்கு வார்யோ எக்ஸ்ஆர்-4 மாதிரி கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து ஓடுபவை இருக்கின்றன, வந்தபோது ஆரம்ப விலை 3,990 டாலர், அதற்கேற்ற கிராஃபிக்ஸ் கார்டு செலவு தனி.

எடையும் விலையும்

குவெஸ்ட் 3, 515 கிராம், பேட்டரி உள்ளேயே, வந்தபோது அமெரிக்க விலை 499 டாலர். குவெஸ்ட் 3எஸ் கிட்டத்தட்ட அதே எடை, 299 டாலரில் வந்தது. 2025 அக்டோபரில் வந்த கேலக்ஸி எக்ஸ்ஆர் 545 கிராம், 302 கிராம் பேட்டரி வயரில் தொங்கும், 1,799 டாலர். அதே மாதம் எம்5 சிப்போடு வந்த விஷன் ப்ரோ 750 முதல் 800 கிராம் வரை, பேட்டரி அதற்குமேல் தனி, 3,499 டாலர். எல்லாவற்றிலும் பேட்டரி இரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான் நிற்கும். எட்டு மணி நேர ஷிஃப்ட்டுக்கு என்று யாராவது சொன்னால் அவர் மாட்டிப் பார்த்ததில்லை என்று அர்த்தம். இந்த டாலர் விலைகளின் மேல் சுங்கம், வரி எல்லாம் சேரும். அதைவிட, பழுதானால் எந்த ஊருக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் கேட்டு வையுங்கள்.

பயிற்சிக்கு என்றால் என் சிபாரிசு குவெஸ்ட் 3 அல்லது 3எஸ், மெட்டா நிறுவன வியாபாரத்தைக் கைவிட்ட பிறகும்கூட. விலை அப்படி. உடைந்தால் இன்னொன்று வாங்கிவிடலாம், பழகிய ஆட்களும் கிடைப்பார்கள். 3எஸ் எடுத்தால் ஒன்றைக் கவனியுங்கள், இரண்டு லென்ஸுக்கு இடையிலான தூரத்தை அதில் மூன்று நிலைகளில்தான் மாற்ற முடியும், குவெஸ்ட் 3இல் சக்கரத்தைத் திருப்பிக் கண்ணுக்குச் சரியாக வைக்கலாம். பல பேர் மாறி மாறிப் போடுகிற கருவியில் இது பெரிய வித்தியாசம், பாதித் தலைவலிப் புகார் இங்கிருந்துதான் வருகிறது.

மென்பொருளைப் பிரித்தெடுக்க முடிகிற மாதிரி வாங்குங்கள்

கருவி போய்விடும், அதற்காகச் செய்த பாடங்களும் மாடல்களும் உங்களிடம் நிற்க வேண்டும். இதற்கு வெண்டரிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும், கேட்கும்போது கொஞ்சம் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

ஓப்பன்எக்ஸ்ஆர் என்ற பொதுத் தரத்தில் எழுதுகிறார்களா என்று கேளுங்கள். க்ரோனோஸ் என்ற தொழில்துறைக் கூட்டமைப்பு 2019இல் வெளியிட்டது இது. மெட்டா, எச்டிசி, பிகோ, வார்யோ, கூகுளின் ஆண்ட்ராய்டு எக்ஸ்ஆர் எல்லாம் இதை ஏற்கின்றன. அதில் எழுதிய ஆப்பை வேறு கம்பெனி ஹெட்செட்டுக்கு மாற்றச் சில வாரம் ஆகலாம், முதலிலிருந்து எழுத வேண்டியிருக்காது. ஆப்பிள் மட்டும் இதில் சேரவில்லை, விஷன் ப்ரோவுக்குச் செய்வது பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். அடுத்து, ஆப்பை உருவாக்கப் பயன்படும் யூனிட்டி அல்லது அன்ரியல் மென்பொருளின் மூலக் கோப்புகள் யாருக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முப்பரிமாண மாடல்களை ஜிஎல்டிஎஃப் என்ற பொதுக் கோப்பு வடிவத்தில் தனியாகக் கொடுக்கச் சொல்லுங்கள். செய்து முடித்த ஆப் மட்டும் கையில் இருந்தால், அந்த வெண்டர் கடையை மூடும் நாளில் நீங்களும் மூட வேண்டியதுதான்.

உங்கள் டிசைன் டிபார்ட்மென்ட் கம்ப்யூட்டரில் வரைந்த கேட் (CAD) கோப்பை அப்படியே ஹெட்செட்டில் போட முடியாது. ஒவ்வொரு ஸ்க்ரூவின் மரையும் வரைந்திருப்பார்கள், திரையில் அந்த உருவத்தை ஆக்கும் முக்கோணங்கள் கோடிக்கணக்கில் இருக்கும். தனியாக ஓடும் ஹெட்செட்டுக்கு அதைச் சில லட்சம் அளவுக்கு இளைக்க வைக்க வேண்டும். இது கையால் செய்கிற, நேரம் தின்கிற வேலை, மதிப்பீட்டில் இதை விட்டுவிட்டு மலிவாகக் காட்டுவது சகஜம். சரியாக இளைக்காமல் விட்டால் படம் திக்கித் திக்கி ஓடும், போட்டவருக்குக் குமட்டும், அப்புறம் "விஆர் நமக்கு ஒத்துக்காது" என்று அறிக்கை போகும்.

சமீபத்தில் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. முன்பெல்லாம் இந்த ஹெட்செட்டுகளில் கேமரா இருந்தும் ஆப்புகளுக்கு அந்தப் படம் கிடைக்காது, தனியுரிமைக் காரணம். ஆப்பிள் 2024இல் நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி பெற்றுக் கேமராவையும் பார்கோடு படிப்பதையும் திறந்துவிட்டது, மெட்டா 2025இல் குவெஸ்ட் 3 வகைகளில் திறந்தது. எதிரில் இருக்கும் மெஷினின் க்யூஆர் கோடைப் பார்த்து அதற்குரிய கையேட்டை எடுத்துக் காட்டுவது இப்போது இவற்றிலும் முடியும். முன்பு வெண்டர் "முடியாது" என்று சொன்ன யோசனை ஏதாவது இருந்தால் மறுபடி கேட்டுப் பாருங்கள்.

ஐடி ஆட்களை முதல் நாளே கூப்பிடுங்கள்

வந்து இறங்கிய பெட்டியைத் திறந்த அன்றே சிக்கல் ஆரம்பிப்பது வைஃபையில்தான். உலாவியில் பயனர் பெயர் கேட்கிற கெஸ்ட் நெட்வொர்க்கில் ஹெட்செட்டை இணைப்பது தலைவலி. கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி நெட்வொர்க்கைப் பூட்டியிருந்தால், பயிற்சியாளர் டிவியில் மாணவர் பார்ப்பதைக் காட்ட முடியாது. இவற்றுக்கென்று தனியாக ஒரு 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் போட்டுவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

நாலைந்து கருவிக்கு மேல் போனால் மொத்தமாக நிர்வகிக்கும் மென்பொருள் வேண்டும். மெட்டாவின் சேவை புதியவர்களுக்கு இல்லை என்பதால் ஆர்பர்எக்ஸ்ஆர், மேனேஜ்எக்ஸ்ஆர் மாதிரி வெளிநிறுவனச் சேவைகளைப் பாருங்கள், அவை பல கம்பெனிக் கருவிகளைச் சேர்த்தே கையாளும். மாட்டியவுடன் உங்கள் ஆப் மட்டும் திறக்க வேண்டும், வேறு எதற்கும் போக முடியக் கூடாது. அப்டேட் எப்போது இறங்குவது என்பதை நீங்கள் முடிவு செய்யும்படி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இருபது பேர் பயிற்சிக்கு உட்கார்ந்திருக்கும்போது எல்லாம் ஒன்றாக அப்டேட் ஆகும். ஊழியரின் சொந்தக் கணக்கில் லாகின் செய்து மட்டும் ஆரம்பிக்காதீர்கள், அவர் வேலையை விட்டுப் போகும்போது கருவியும் கூடவே பூட்டிக்கொள்ளும்.

தலை, வியர்வை, பூ

வெளிநாட்டுக் கையேடுகளில் இல்லாத சில விஷயங்கள் நம் பக்கம் உண்டு. நெற்றியில் விபூதி, குங்குமம் இருந்தால் அது முகத்துணியில் ஒட்டி அடுத்தவர் நெற்றிக்குப் போகும். கொண்டையும் பூவும் வைத்திருக்கும் பெண்களுக்குப் பின் பட்டை சரியாக உட்காராது, ஹெட்செட் முன்னால் சரிந்து எழுத்து மங்கும். துணிப் பட்டையைவிடப் பின்னால் திருகி இறுக்கும் கெட்டிப் பட்டை மேல், கொண்டைக்குக் கீழே அதைப் பிடிக்க வைக்கலாம். முகத்துணிக்குப் பதில் துடைக்கக்கூடிய சிலிக்கான் உறை வாங்குங்கள், ஆளுக்கு ஆள் துடையுங்கள். லென்ஸில் மட்டும் சானிடைசரோ ஸ்பிரிட்டோ படக் கூடாது, மேலே இருக்கும் பூச்சு போய்விடும். உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும்.

ஜன்னல் ஓரத்தில் லென்ஸ் மேலே பார்க்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். வெயில் லென்ஸ் வழியாகக் குவிந்து உள்ளே திரையைப் பொசுக்கிவிடும், சில நிமிடம் போதும், பல கம்பெனிகளின் வாரண்டியில் இது வராது.

முதல் முறை மாட்டுகிறவருக்குப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், நாற்காலியில் உட்கார வைத்தே ஆரம்பியுங்கள். உடம்பு அசையாமல் காட்சி மட்டும் நகர்ந்தாலும் குமட்டும், அதனால் ஆப்பில் வழுக்கிக்கொண்டு நடப்பதை எடுத்துவிட்டு இடம் விட்டு இடம் தாவுகிற மாதிரி வைக்கச் சொல்லுங்கள். வலிப்பு நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும் என்று தயாரிப்பாளர்களே எழுதியிருக்கிறார்கள். யாராவது வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், அதே பயிற்சியை வேறு வழியில் கொடுக்க ஒரு ஏற்பாடு இருக்கட்டும்.

கேமராவைப் பற்றிப் பேசிவிடுங்கள்

கேமரா வைத்த கருவி ஒன்று ஷாப் ஃப்ளோருக்குள் வந்தாலே, "நம்மளக் கண்காணிக்கத்தான் கொண்டு வந்திருக்காங்க" என்ற பேச்சு தேநீர் இடைவேளைக்குள் பரவிவிடும். அது நியாயமான பயமும்கூட. எது பதிவாகிறது, எங்கே சேமிக்கப்படுகிறது, யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில் அழிக்கப்படும் என்பதை ஒரு பக்கத் தாளில் தமிழில் எழுதி, தொழிற்சங்கம் இருந்தால் அவர்களோடும் பேசி, பதிவு ஓடும்போது விளக்கு எரிகிற மாதிரி வையுங்கள். இந்தியாவில் 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, முகமும் குரலும் அதற்குள் வரும், சட்டப் பிரிவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாடிக்கையாளரின் வரைபடம் கேமராவில் விழுகிற இடமாக இருந்தால் அவர்களிடமும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

மூன்று கருவி, ஒரு வேலை, எட்டு வாரம்

பத்து வேண்டாம். மூன்று வாங்குங்கள், ஒன்று சார்ஜில் இருக்கும், ஒன்று எப்படியும் ஏதாவது அப்டேட்டில் நிற்கும். வாங்குவதற்கு முன்பே அந்த வேலை இப்போது எத்தனை நிமிடம் எடுக்கிறது, எத்தனை தப்பு வருகிறது, நிபுணர் எத்தனை முறை நேரில் வர வேண்டியிருக்கிறது என்று குறித்து வையுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் கடைசியில் "எல்லோருக்கும் பிடித்திருந்தது" என்பதைத் தவிர மேலாளரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

வெண்டர் பிரசன்டேஷனில் 25 சதவீதம் என்ற எண் வந்தே தீரும். விமானத்துக்குள் போகும் வயர் கட்டுகளைக் கோப்பதில் கூகுள் கிளாஸ் போட்டு உற்பத்தி நேரம் 25 சதவீதம் குறைந்ததாக போயிங் சொன்னது, நெதர்லாந்தின் பெர்கன் ஆப் ஸூம் கிடங்கில் 2015இல் நடத்திய சோதனையில் சரக்கு எடுக்கும் வேலை 25 சதவீதம் வேகமானதாக டிஎச்எல் சொன்னது. இரண்டும் அந்தந்த நிறுவனங்களே சொன்ன கணக்கு. இரண்டிலும் கை ஓயாது, தாளைப் புரட்ட வேண்டியிருந்தது, ஒரே மாதிரி வேலை நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தது. உங்கள் வேலை அப்படி இல்லையென்றால் அந்த எண்ணை உங்கள் பட்ஜெட் தாளில் எழுதாதீர்கள்.

செலவுக் கணக்கில் கருவி சின்னப் பங்குதான் என்பது கொஞ்ச நாளிலேயே தெரிந்துவிடும். பாடம் தயாரிப்பது, மெஷின் மாறும்போது அதைத் திருத்துவது, நிர்வாக மென்பொருளுக்குக் கருவிக்கு இவ்வளவு என்று மாதாமாதம் கட்டுவது, சார்ஜ் போட்டுத் துடைத்து எடுத்துக் கொடுக்க ஒரு ஆள், இவைதான் பெரிது. அந்த ஆளை முதலிலேயே நியமியுங்கள், பெயர் போட்டு. ஆர்வமுள்ள சூப்பர்வைசர் ஒருவர் கிடைத்தால் ஐடி பிரிவைவிட அவரே நல்ல தேர்வு. வெண்டர் சொல்வதைத் தவிர இன்னொருவர் கருத்தும் வேண்டும் என்றால், சென்னைப் பக்கம் இருப்பவர்கள் ஐஐடி மெட்ராஸில் எக்ஸ்டிஐசி என்று இதற்கென்றே ஒரு மையம் இருக்கிறது, அங்கே விசாரித்துப் பார்க்கலாம்.

எட்டு வாரம் முடிந்ததும் குறித்து வைத்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தேறினால் அடுத்த லாட் வாங்கும் முன் அன்றைய தேதியில் எந்த மாடல் விற்பனையில் இருக்கிறது, எதற்கு அப்டேட் எது வரை என்று மறுபடி சரிபாருங்கள், எட்டு வாரத்தில் மாறியிருக்க வாய்ப்பு உண்டு. தேறாவிட்டால் கருவிகளை விற்கும் முன் நிர்வாகக் கணக்கிலிருந்து நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்து, அறை வரைபடங்களும் பதிவுகளும் அழிந்ததா என்று ஒருமுறை மாட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.